அரை இஞ்சு விவகாரம்

"பரவால்லையே, இடிக்காம கொள்ளாம சுளுவா முடிச்சுட்டியே!"

புதுத் தரையைப் பாக்க வர்ற சொந்தக்காரங்க அத்தனை பேரும் இதையேதான் சொல்றாங்க. செருப்பைக் கழட்டுறாங்க, உள்ள வர்றாங்க, கால் கட்டைவிரலால ஒரு தேய் தேய்ச்சுப் பாக்குறாங்க, உடனே இந்த வசனம்.

சுளுவாவாம்.

(அன்னைக்கு அவங்க காபியில சர்க்கரை கம்மியா இருந்திருந்தா அது தற்செயல் இல்ல.)

பழைய தரைக்கு மேல புதுத் தரை ஒட்டினா மிச்சமாகுறது இடிக்கிற வேலை ஒண்ணுதான். அந்த ஒண்ணை மிச்சம் பண்றதுக்கு மத்த எல்லாத்துலயும் கூடுதலா மெனக்கெடணும். இதை யாராவது முன்னாடியே உக்கார வச்சு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். யாரும் சொல்லல. அதான் நான் சொல்றேன்.

எங்க வீடு திருச்சியில. எண்பதுகள்ல மாமனார் கட்டினது. கீழ வாடகைக்கு ஒரு குடும்பம், மாடியில நாங்க. வீடு பூரா மொசைக். (தெரியாத பிள்ளைகளுக்கு: சிமெண்டுல மார்பிள் சில்லைக் கலந்து தரையிலயே போட்டு, காஞ்சதும் மெஷின் வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு வழவழன்னு ஆக்குறது. டைல்ஸ் வர்றதுக்கு முன்னாடி நடுத்தரக் குடும்பத்து வீடுகள்ல அதுதான் கௌரவம்.) அத்தைக்கு அந்தத் தரை மேல தனிப் பாசம். ஆனா ஹால் நடுவுல ஒரு விரிசல், ஜன்னல் ஓரத்துல சில்லு பேந்து பள்ளம், சமையக்கட்டு வாசல்ல எந்தக் காலத்துலயோ கொட்டின ஆசிட் கறை. எவ்வளவு தொடைச்சாலும் தொடைக்காத மாதிரியே இருக்கும். மாத்தலாம்னு முடிவாச்சு.

இடிக்கிறதா, மேல ஒட்டுறதா?

இதுல உணர்ச்சிவசப்பட ஒண்ணுமில்ல, கணக்கு போட்டா போதும். மாடியில டைல்ஸ் போட வேண்டிய இடம் அஞ்சு சதுரம், அதாவது 500 சதுர அடி. மொசைக்கும் அதுக்கு அடியில இருக்கிற ஜல்லித் தளமும் சேந்து ரெண்டு இஞ்சு கனம்னு வச்சுக்குங்க. பேத்தெடுத்தா வர்ற இடிசல் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 5 டன். அதை மூட்டையில கட்டி, மாடிப்படியில இறக்கி, வண்டி பிடிச்சு அனுப்பணும். பிரேக்கர் மெஷின் அதிர்வுல கீழ்வீட்டு சீலிங் பூச்சு உதிர்ந்தா அதுக்கும் நாமதான் பதில் சொல்லணும்.

மேல ஒட்டினா? 9 மில்லிமீட்டர் கனத்துல விட்ரிஃபைடு டைல், அடியில 4 மில்லி பசை. சதுர அடிக்கு ரெண்டரை கிலோ வரும். மொத்தம் ஒண்ணேகால் டன் மாடியில ஏறுது.

"அய்யய்யோ, தளம் தாங்குமா?"ன்னார் எங்க வீட்டுக்காரர். நியாயமான கேள்வி. வீட்டுத் தளத்தைக் கணக்கு போடும்போது ஆளு, சாமான்னு நடமாடுற பாரத்துக்கு மட்டும் சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு எடுத்துக்கச் சொல்லுது ஐஎஸ் 875. சதுர அடிக்கு 18 கிலோவுக்கு மேல. அதோட பாத்தா ரெண்டரை கிலோ சின்ன விஷயம்தான். ஆனாலும் ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டினோம். அவர் தரையைப் பாக்கவே இல்ல! நேரா கீழ்வீட்டுக்குப் போய் சீலிங்கைத்தான் பாத்தார். கம்பி துருப்பிடிச்சு சிமெண்ட் பேந்திருக்கா, விரிசல் இருக்கான்னு. கரெக்ட்டான ஆளு. உங்க வீடு கட்டையும் செங்கல்லும் வச்சுக் கட்டின மெட்ராஸ் டெரஸா இருந்தா இந்த ஆசையே வேண்டாம், முதல்ல இன்ஜினியர்.

பாரம் ஓகே. அடுத்தது உயரம். இதுதான் தலைப்புல இருக்கிற வில்லன்.

ஒம்பதும் நாலும் பதிமூணு மில்லி. அரை இஞ்சு. அரை இஞ்சுதானேன்னு கடைக்காரர் சொல்லுவார். (டைல்ஸ் விக்கிறவருக்கு எல்லாமே 'தானே'தான்.) ஆனா நம்ம வீட்டுல இருக்கிற ஒவ்வொரு சாமானும் பழைய தரை உயரத்தை நம்பித்தான் நிக்குது. அது தரையை மாத்துற அன்னைக்குத்தான் தெரியும்.

ரூம் கதவுங்க எல்லாம் தேக்கு. தரைக்கும் கதவுக்கும் இடைவெளி ஒரு விரல் கூட நுழையாது. எல்லாத்தையும் கழட்டி, அடியில அறுத்து, இழைச்சு, திரும்ப மாட்டணும். ஆசாரி கூலி தனி. மேஸ்திரி சொல்ற ரேட்டுல இது வராது, கேட்டா "அது கார்பெண்டர் வேலைக்கா"ன்னுடுவார். பாத்ரூம் கதவு பிவிசி. உள்ள வெறும் கூடு. அடியில அறுத்தா ஓட்டை ஓட்டையா வாயைப் பொளந்துட்டு நிக்கும், திரும்ப மூடி போட்டு அடைக்கணும். இல்லேன்னா கரப்பான்பூச்சி குடும்பத்தோட குடியேறிடும். வாசக்கதவுக்கு மட்டும் பிரச்சனை இல்ல. கீழ மரத்துல படி வச்ச பழைய காலத்து நிலை, கதவு அதுக்கு மேலதான் ஆடுது. மஞ்சள் குங்குமம் வைக்கிறதுக்கு இருந்த படி இதுக்கும் உதவுச்சு.

வெளிய இரும்பு கிரில் கேட்டு. அதை நாங்க யாருமே யோசிக்கல, ஆசாரிதான் கதவு அளக்க வந்த இடத்துல "இது தொறக்காதே"ன்னார். வெல்டிங்காரரைக் கூப்பிட்டு அடிக்கம்பியை ஏத்தினோம்.

அப்புறம் மாடிப்படி. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. மேல தரை அரை இஞ்சு ஏறினா கடைசிப் படி மட்டும் மத்த படிகளை விட அரை இஞ்சு உயரமாயிடும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காலுக்குத் தெரியும். கீழ இருந்து அதே உயரத்துல தூக்கி வச்சுப் பழகின கால் கடைசிப் படியில தடுக்கும். வயசானவங்க இருக்கிற வீட்டுல இது விளையாட்டு இல்ல. நாங்க படிங்களுக்கும் சேத்து அதே கனத்துல கல்லு ஒட்டிட்டோம். அப்போ கீழ இருக்கிற முதல் படி உயராதான்னு கேப்பீங்க. உயரும்தான். அங்க சிமெண்ட் தரை, அந்த இடத்தை மட்டும் சரிவா ஏத்திப் பூசியாச்சு.

பாத்ரூமை நான் தொடவே விடல. ஹால் ஏறுறது நல்லதுதான், தண்ணி வெளிய வராது. ஆனா பாத்ரூம்லயும் மேல ஒட்டினா உள்தரை ஏறிடும், தண்ணி வடியுற வாட்டம் போயிடும், ஏற்கனவே கீழ கசிவு இருந்தா அதை அழகா மூடி வச்சதுதான் மிச்சம். பாத்ரூம் தரை மாத்தணும்னா இடிச்சு, வாட்டர்ப்ரூஃபிங் பண்ணித்தான் போடணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

சரி, ஒட்டுற கதைக்கு வருவோம்.

கடையில ஒருத்தர், "அப்படியே மேல பசையைப் போட்டு ஒட்டிட வேண்டியதுதான் மேடம்". வந்த மேஸ்திரி அதுக்கும் ஒரு படி மேல. "பசையே வேண்டாம்க்கா, சிமெண்ட் கலவை போட்டு, பால் ஊத்தி உக்கார வச்சுடுறேன். இருபது வருஷமா இப்படித்தான் வச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் இருபது வருஷமா வச்சது வெறும் கான்கிரீட் தளத்து மேல. அது சொரசொரன்னு இருக்கும், சிமெண்ட் பாலை உறிஞ்சும், பிடிக்கும். அன்னைக்கு டைலும் செராமிக், முதுகுப்பக்கம் தண்ணியை உறிஞ்சும். இப்போ ரெண்டு பக்கமும் உறிஞ்சாத ஆளுங்க. விட்ரிஃபைடு டைல் தண்ணி உறிஞ்சுறது அரை சதவீதத்துக்கும் கீழ. மொசைக்கோ பாலிஷ் போட்டு, முப்பது நாப்பது வருஷமா பினாயிலும் எண்ணெய்ப் பிசுக்கும் குடிச்ச தரை. சிமெண்ட் பால் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?

இதைச் சொன்னா மேஸ்திரி நம்பல. "சரிண்ணே, ஸ்டோர் ரூம் மூலையில ரெண்டு டைல் ஒட்டிப் பாத்துடுவோம்"னேன்.

"டெஸ்ட்டா? இதென்னக்கா ஸ்கூலா?"

ஸ்கூல்தான். பசை வாங்கினேன். மூட்டை மேல ஐஎஸ் 15477ன்னு நம்பரும், அதுல எந்த டைப்புன்னும் போட்டிருக்கும். பழைய டைலுக்கு மேல டைல் ஒட்டலாம்னு தெளிவா எழுதியிருக்கிறதைத்தான் எடுக்கணும், விலை கம்மியா இருக்கிற முதல் டைப் இதுக்கு ஆகாது. மூலையில ஒரு இடத்தை சோப்பு போட்டுக் கழுவி மட்டும் விட்டோம். பக்கத்து இடத்தைக் கழுவிட்டு, டைமண்ட் கப் மாட்டின கிரைண்டரால பாலிஷ் போற அளவுக்குத் தேய்ச்சோம். ரெண்டுலயும் அதே பசை, அதே டைல். நல்லா இறுகட்டும்னு விட்டுட்டோம்.

அப்புறம் மேஸ்திரியையே உளியும் சுத்தியலும் எடுக்கச் சொன்னேன்.

கழுவின இடத்துல இருந்த டைல் ஓரத்துல நாலு தட்டுக்கு முழுசா எழும்பி வந்துடுச்சு. உடையக்கூட இல்ல. முதுகுல பசை அப்படியே வரி வரியா இருக்கு. கீழ மொசைக் முகம் பாக்கலாம், அவ்வளவு சுத்தம்! தேய்ச்ச இடத்து டைல் மட்டும் சுக்கு நூறா உடைஞ்சுதே தவிர கழண்டு வரல. ஒவ்வொரு துண்டையும் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு.

மேஸ்திரி கொஞ்ச நேரம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தார். "தேய்ச்சுடுவோம்க்கா"ன்னார். அன்னையிலிருந்து நாங்க ரெண்டு பேரும் தோஸ்த்து.

ஆனா அந்தத் தேய்ப்பு இருக்கே! வீடு பூரா மொசைக்கைத் தேய்க்கிற தூசி. பீரோவைப் போர்த்தி, கதவிடுக்குல ஈரத்துணி வச்சு, என்ன பண்ணினாலும் அரிசி டப்பாவுக்குள்ள வரைக்கும் வந்துடுச்சு. தேய்க்கிற பையன் மூக்குல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு ஆரம்பிச்சான். நிறுத்தச் சொல்லிட்டேன். சிமெண்டும் கல்லும் தேயுற தூசியில சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்குள்ள போய்த் தங்கினா திரும்ப வராது. நல்ல மாஸ்க் வாங்கிக் குடுத்து, தூசி உறிஞ்சுற மெஷினை வாடகைக்கு எடுத்து கிரைண்டரோட சேத்துக் கட்டினப்புறம்தான் வேலை ஓடுச்சு. தரைக்கு லட்சத்துல செலவு பண்றோம், மாஸ்க்குக்குக் கணக்கு பாக்குறது அசிங்கம்.

தேய்க்கிறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. தட்டிப் பாக்குறது. ஒரு கம்பியை எடுத்துக்கிட்டு நானும் அத்தையும் வீடு பூரா டக் டக்னு தட்டிக்கிட்டே போனோம். கெட்டியா இருக்கிற இடத்துல சத்தம் 'டங்'. உள்ள பொள்ளலா இருக்கிற இடத்துல 'டொப்'. டொப் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டோம். (அத்தைக்குக் காது என்னை விடக் கூர்மை. நான் 'டங்'னு விட்ட ரெண்டு இடத்தை அவங்க 'டொப்'னு பிடிச்சாங்க, அவங்க சொன்னதுதான் சரி.) அந்த வட்டங்களை மட்டும் வெட்டியெடுத்து கான்கிரீட் போட்டு நிரப்பினோம். கீழ இருக்கிற தரையே கழண்டிருந்தா மேல எவ்வளவு ஒசத்தியான பசை போட்டு என்ன பிரயோஜனம்? கீழ்வீடா இருந்தா ஈரமும் பாக்கணும். ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்க. அடியில வேர்த்திருந்தா முதல்ல அந்த ஈரத்துக்கு வழி பண்ணுங்க.

மட்டமும் சதி பண்ணுச்சு. பழைய வீடுகள்ல தரையைக் கழுவி விட்டா தண்ணி ஓடுறதுக்கு சுவத்தோரமா ஒரு ஓட்டை இருக்கும், ஞாபகம் இருக்கா? அந்த ஓட்டைப் பக்கமா தரை வாட்டமா சரியும். டியூப் லெவல் பிடிச்சுப் பாத்தா மூலைக்கு மூலை வித்தியாசம். "பசையைக் கூடப் போட்டு ஏத்திடலாம்"னார் மேஸ்திரி. கூடாது. பசை சில மில்லி கனத்துக்குத்தான், பள்ளம் நிரப்புறதுக்கு இல்ல. பள்ளத்தைத் தனியா நிரப்பி, மட்டம் பண்ணிட்டு, அப்புறம்தான் ஒட்டணும்.

நடுவுல ஒரு இடைவேளை. ராத்திரியெல்லாம் அமெரிக்கக்காரங்க வீடியோவாப் பாத்துத் தள்ளினேன். அவங்க பழைய தரைக்கு மேல சரக் சரக்னு பலகையைக் கோத்து மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுறாங்க. பொறாமையா இருக்கும். ஆனா அவங்க பல பேர் வீட்டுல கீழ இருக்கிறது பிளைவுட், நம்மளது கான்கிரீட். இன்னொண்ணு, அங்க பழைய வீடுகள்ல 9 இஞ்சு சதுரத்துல ஒரு வினைல் டைல் இருக்கும், அதுல பல டைல்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பேத்தா தூசி கிளம்பும், பேக்காம அப்படியே மூடுறது பாதுகாப்புன்னு சொல்றாங்க. நம்ம மொசைக்குல அந்தப் பயமில்ல.

அந்த மாதிரி கோக்குற எஸ்பிசி பலகை (கல்தூளும் வினைலும் கலந்தது) இப்போ இங்கயும் கிடைக்குது. வாடகை வீடுன்னா நான் அதைத்தான் போடுவேன். பசை கிடையாது, போகும்போது கழட்டிடலாம். லேமினேட் வேற, அது உள்ள மரத்தூள் அட்டை. வாளித் தண்ணியில முக்கி மாப் போடுற நம்ம பழக்கத்துக்கு ஓரமெல்லாம் உப்பிடும். வினைல் போட்டா மேல ரப்பர் அடிப்பாகம் வச்ச மிதியடியைப் போடாதீங்க, கறை பிடிச்சுடும்.

இடைவேளை முடிஞ்சது.

ஒட்டுற அன்னைக்கு சண்டை வேற ரகம். பசைக்கு எவ்வளவு தண்ணின்னு மூட்டையிலயே போட்டிருக்கு. அளந்து ஊத்தி, கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, திரும்பக் கலக்கணும். கெட்டி இட்லி மாவு பதம். இறுக ஆரம்பிச்சதும் சித்தாள் ஒரு சொம்புத் தண்ணியைத் தூக்கிட்டு வந்தாங்க பாருங்க, ஓடிப்போய்த் தடுத்தேன். இறுகினதுல தண்ணி ஊத்தினா இளகும், ஆனா ஒட்டுற சக்தி போயிடும். அதைத் தூக்கிப் போட்டுடணும். அதனால கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க.

ஃபேனையும் நிறுத்திட்டேன். (திருச்சியில, வெயில்ல. என்னை எப்படித் திட்டியிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.) காத்துல பசை மேல ஏடு படிஞ்சுடும், அது மேல டைலை வச்சா ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது.

அப்புறம் அந்த அஞ்சு உருண்டை வித்தை. டைல் முதுகுல நாலு மூலைக்கு நாலு, நடுவுல ஒண்ணுன்னு பசையை வச்சு அமுக்குறது. உருண்டைக்கு நடுவுல எல்லாம் காத்து. கனமான சாமான் விழுந்தா அந்த இடம்தான் உடையும். பல்லு வச்ச கரண்டியால தரையில நேர்கோடா இழுத்து, டைல் முதுகுலயும் மெல்லிசா தடவி ஒட்டச் சொன்னேன். நடுநடுவுல ஒண்ணைத் தூக்கிக் காட்டச் சொல்லி முதுகு பூரா பசை பட்டிருக்கான்னு பாத்தேன். மேஸ்திரி மூஞ்சி போன போக்கு! ஆனா தூக்கிக் காட்டினார்.

"ஜாயின்ட்டே தெரியக்கூடாது"ன்னு கேட்டது எங்க வீட்டுக்காரர். தெரியணும் சார். 2 மில்லி ஸ்பேசர் வச்சு, சுவத்தோரமும் கொஞ்சம் இடம் விட்டு (ஸ்கர்ட்டிங் மூடிக்கும்) ஒட்டணும். வெயிலுக்கு டைலும் தளமும் விரியும். ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு நின்னா போக வழி மேலதான். திடீர்னு டமார்னு கூரை மாதிரி ரெண்டு டைல் எழும்பி நிக்கும். வாட்ஸப்புல பேய் பிசாசுன்னு சுத்துற வீடியோவுல பாதி இதுதான்.

இவ்வளவும் பண்றேனே தவிர எல்லாத் தரைக்கும் மேல ஒட்டுங்கன்னு சொல்ல மாட்டேன். உங்க வீட்டுல ஆத்தங்குடிக் கல்லு இருந்தா தயவுசெஞ்சு மூடாதீங்க. சிவகங்கை மாவட்டத்துல அந்த ஊர்ல இன்னைக்கும் கண்ணாடித் தட்டு மேல ஒவ்வொண்ணா கையால வார்த்து எடுக்குறாங்க, உடைஞ்சதுக்கு மாத்து வாங்கலாம். நல்லா இருக்கிற சிவப்பு ஆக்சைடு தரையும் அப்படித்தான். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சு மெருகேத்தின தரை, அதுல எந்தப் பசையும் லேசுல பிடிக்காது, பிடிக்க வைக்கணும்னா தரையையே நாசம் பண்ணணும். எதுக்கு? பூஜை ரூம் மொசைக்கை நாங்களும் விட்டுட்டோம். அதுல அத்தை ஒரு வார்த்தை கூடப் பேசவிடல.

கடைசியா வாங்குற கணக்கு. '2க்கு 2' டைல்னு சொல்றாங்களே, அது ரெண்டடி இல்ல. 600 மில்லிமீட்டர். ரெண்டடின்னா 609.6. நாலு டைல் பெட்டியை வாய்க்கணக்குல 16 சதுர அடிம்பாங்க, நிஜத்துல பதினஞ்சரை. 500 சதுர அடிக்கு இந்த வித்தியாசத்துலயே ஒரு பெட்டி துண்டு விழும். அதுக்கு மேல வெட்டுக் கழிவு. அப்புறமா ஒரு பெட்டி குறையுதுன்னு கடைக்கு ஓடினா அதே ஷேட் வராது. பெட்டி மேல பேட்ச் நம்பரும் ஷேட் நம்பரும் இருக்கும், எல்லாப் பெட்டியிலயும் ஒண்ணா இருக்கான்னு இறக்கும்போதே பாத்துடுங்க.

மிஞ்சின டைலைத் தூக்கிப் போடாதீங்க. நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா, டைல்ஸ் தயாராகுற மோர்பிக்கே போனாலும் அந்த டிசைன் கிடைக்காது. எங்களோடது மொட்டைமாடி ரூம்ல பத்திரமா இருந்துச்சு. நேத்து போய்ப் பாத்தா அத்தை அதுல ரெண்டை எடுத்து வெயில்ல வச்சு கூழ் வத்தல் ஊத்தியிருக்காங்க.

"ஒட்டலம்மா, சுளுவா எடுக்க வருது"ங்கிறாங்க.